டென் தவுசண்ட் வில்லேஜஸ்: முன்பணம் குடுத்து வாங்கி விக்குற கடை

அமெரிக்கால கையால செஞ்ச பொருள் எங்க நல்லா கிடைக்கும்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சொல்றது டென் தவுசண்ட் வில்லேஜஸ் தாங்க. ஆன்லைன்லயும் வாங்கலாம், ஆனா பக்கத்துல கடை இருந்தா நேர்ல போங்க, தொட்டுப் பாத்து வாங்க வேண்டிய சாமான் இதெல்லாம்.

முதல்ல ஹெய்ட்டி நாட்டு இரும்புத் தகடு வேலை. பழைய எண்ணெய் டிரம்ம வாங்கி ரெண்டு பக்க மூடியையும் வெட்டிட்டு, உள்ள வைக்கோல், வாழைச் சருகு போட்டு கொளுத்தி ஒட்டியிருக்குறத எல்லாம் எரிச்சு, நெடுக்க பொளந்து தட்டித் தட்டி தகடாக்கி, அதுமேல சாக்பீஸால வரைஞ்சு உளியும் சுத்தியலும் வச்சே வெட்டி எடுக்குறாங்க. நான் வாங்கினது ஒரு மரம், கிளை முழுக்க குருவிங்க. இலை ஓரத்துல விரல் வச்சா ஒவ்வொரு உளி அடியும் தெரியுது. கல்லறைக்கு இரும்புச் சிலுவை அடிச்சுட்டு இருந்த ஜார்ஜ் லியோடோங்குற கொல்லர்கிட்ட இருந்து 1950கள்ல வளந்த கலை இது. இதே மாதிரி மெஷின்ல வெட்டினது வேற ஒரு பெரிய கடைல ரொம்ப கம்மி விலைக்கு இருந்துச்சு, ஆனா அதுல உயிரே இல்லங்க.

சாமான விட எனக்கு பிடிச்சது இவங்க காசு குடுக்குற முறை. ஆர்டர் போடும்போதே பாதிப் பணம் வட்டியில்லாம முன்பணமா போயிடுது, மீதி சரக்கு கப்பல் ஏறும்போது. இங்க வித்தாலும் விக்காட்டியும் செஞ்சவங்களுக்கு கூலி வந்துடும். கைத்தொழில் பண்றவங்களுக்கு திறமைக்கு என்னங்க குறை, கச்சாப்பொருள் வாங்க கைல காசு இல்லாம கடன் வாங்குறது, அப்புறம் வித்த காசு வட்டிக்கே போறது, இங்கதான மாட்டிக்கிறாங்க. நன்கொடை குடுத்தா ஒரு தடவையோட சரி, ஆர்டர் வந்தா அடுத்த வருஷமும் வேலை இருக்கும்.

இத ஆரம்பிச்சது எட்னா ரூத் பைலர்னு ஒரு அம்மா. 1946ல போர்ட்டோ ரிக்கோ போனப்ப அங்க பெண்கள் அவ்ளோ அழகா எம்பிராய்டரி போட்டும் விக்க வழியில்லாம இருந்தத பாத்துட்டு, துணிய பென்சில்வேனியாவுக்கு கொண்டு வந்து கார் டிக்கில வச்சே வித்தாங்க. இன்னைக்கும் லாப நோக்கு இல்லாத அமைப்பாத்தான் நடக்குது. கிராமங்கள்லதான் இந்தியா இருக்குன்னு காந்தி சொன்னத வச்சு 1996ல இந்தப் பேர வச்சாங்க.

விலை பெரிய கடைங்கள விட கூடத்தான். ஆனா பங்களாதேஷ் காந்தா போர்வைய விரிச்சுப் பாருங்க, பழைய சேலைங்கள அடுக்கி முழுக்க கைத்தையல், அத அடிமாட்டு விலைக்கு கேக்க மனசு வருமா? பட்ஜெட் கம்மின்னா கென்யா கிஸி பக்கத்து மாக்கல் கிண்ணம் பாருங்க, வழவழன்னு இருக்கும், கொலுவுக்கு வர்றவங்களுக்கு குடுக்க அருமையா இருக்கு.

இப்படி ஒரு கடை தானா ஓடிடும்னு நினைக்காதீங்க. கனடால 2020ல இவங்க கம்பெனி கடைங்கள மூடிட்டாங்க, எனக்கு ரொம்ப வருத்தம். அதனால தீபாவளி, கிறிஸ்மஸ், கிரகப்பிரவேசம் எதுக்கு கிஃப்ட் வாங்குறதா இருந்தாலும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. ஹெய்ட்டி தகடு வாங்கினா மழை படாத இடத்துல மாட்டுங்க, இரும்பு, துரு பிடிக்கும்.