காற்று நீக்கிய பாக்கெட் ஆட்டுக்கறி: வாங்கலாமா?

பிரித்ததும் கறி கருஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் படாத நிறம் அது. 20 நிமிடத்தில் சிவந்துவிடும். அதன்பிறகும் புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். 0 முதல் 4 டிகிரியில் ஒரு நாள் வைத்த கறி, அறுத்தபின் தசை விறைத்திருக்கும்போதே சமைப்பதைவிட மெத்தென்று வேகும். இதில் பாக்கெட்டுக்கே முதலிடம்.

வெட்டுதான் மோசம். ரம்பத்தில் அறுத்த எலும்பில் தூள் ஒட்டியிருக்கும். கழுவாவிட்டால் குழம்பு நறநறக்கும். சுவரொட்டி (மண்ணீரல்), ரத்தம், குடலெல்லாம் பாக்கெட்டில் எங்கே தேடுவது? உள்ளூர் ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கும் கூடம்) மூடினால் அவையும் சேர்ந்தே போகும். பெரிய இழப்பு அது. தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்துக் குத்திய முத்திரையைத் தொடையிலேயே பார்க்கலாம். பாக்கெட்டில் லேபிள் மட்டுமே: வெள்ளாடா செம்மறியா, அறுத்த தேதியா பொதி செய்த தேதியா என்று படித்து வாங்குங்கள்.