கரூவில் ஒரு நடைச் சுற்றுலா: மைக்கிஸ்ஃபொன்டேன்

டர்பனிலிருந்து கேப் டவுன் வரை விமானம், அங்கே கார் வாடகைக்கு எடுத்து என்1 சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தின் நடுவில் மைக்கிஸ்ஃபொன்டேன். ஒரே தெரு, ஒரு ரயில் நிலையம், கோபுரம் வைத்த பெரிய ஓட்டல், அவ்வளவுதான். காபி குடித்து, படம் எடுத்து, அரை மணியில் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மச்சினி சொல்லி, அங்கே ரெண்டு பெரியவர்கள் நடத்தும் நடைச் சுற்றுலாவை முன்பே பேசி வைத்தோம், இல்லாவிட்டால் நாங்களும் அப்படித்தான்.

ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மா. என் மகன் இங்கத்து வழக்கப்படி அந்த அம்மாவை ‘டானி’ (ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அத்தை) என்றே கூப்பிட்டான். ஊர்ப் பெயரிலேயே ஆரம்பித்தார். இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய் மக்கள் பாய் பின்னிக் குடில் போட்ட கோரைப் புல், அப்புறம் ஓர் ஊற்று, இரண்டும் சேர்ந்துதான் பெயராம். கோரைப்பாயில் தூங்கி வளர்ந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஜேம்ஸ் லோகன் கதையைத்தான் ரசித்துக் கேட்டோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து கேப் டவுன் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய ஆள், 1884இல் இங்கே வந்து ஊரையே உருவாக்கினார். கிம்பர்லி ஊரின் வைரத்துக்காகப் போட்ட ரயில் பாதை இது, ஆரம்ப கால ரயில்களில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது, பயணிகள் இறங்கித்தான் சாப்பிட வேண்டும், அதுதான் அவருக்கு வியாபாரம். காற்று வறண்டது என்று நுரையீரல் நோயாளிகளையும் வரவழைத்தார். அப்புறம் ரயில்வே அமைச்சர் சைவ்ரைட் அவருடைய நண்பர், டெண்டர் இல்லாமலே மொத்த ரயில்வே சாப்பாட்டு ஒப்பந்தத்தையும் தூக்கிக் கொடுக்க, 1893இல் கேப் காலனிப் பிரதமர் செசில் ரோட்ஸின் அமைச்சரவையே கவிழ்ந்தது. நம்ம தென்னாப்பிரிக்காவில் டெண்டர் ஊழல் கதைக்கு அப்போதே பிள்ளையார் சுழி போட்டாயிற்று!

குறையும் உண்டு. ரெண்டரை மணி நேரம் என்றார்கள், நாலு மணி ஆயிற்று, அதில் நீராவி எஞ்சின் மட்டும் முக்கால் மணி. கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, காரில் போக வேண்டும் என்பதையும் முன்னாடியே சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்து கிரிக்கெட் பந்துவீச்சாளர் ஜார்ஜ் லோமனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 18 டெஸ்டில் 112 விக்கெட், சராசரி 10.75, காசநோயோடு வந்து 1901இல் இங்கேயே போய்ச் சேர்ந்தவர். மகன் அந்தக் கல் முன்னால் நின்றவன் நகரவே இல்லை.

எல்லாம் சரி, பழைய காலத்து ஓட்டல், பழைய காலத்து ரயில் என்று பேசிக்கொண்டே போகிறார்களே, எங்களை மாதிரி இந்திய ஆட்களை அந்த நாளில் உள்ளே விட்டிருப்பார்களா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. டானி சட்டென்று நின்று, தன் பாட்டி பின்வாசல் வழியாகத் துணி துவைக்கப் போனதைச் சொன்னார். நான் அப்பா கதையைச் சொன்னேன். வழியில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கக் கூடாது, கடந்து போகிறவர்களும் தங்கக் கூடாது, 1986 வரை அந்தச் சட்டம் இருந்தது, அதனால் எழுபதுகளில் டர்பனிலிருந்து கேப் டவுன் போனபோது புளிச்சோறு கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டினாராம். இதைத்தான் அவர்கள் முதலிலேயே பேச வேண்டும் என்பது என் கருத்து. அவரிடமே சொன்னேன். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, எந்த ஊரில் பெட்ரோல் போட்டார், எங்கே நிறுத்திச் சாப்பிட்டார் என்று அப்பாவிடம் கேட்டு அனுப்பச் சொன்னார். போன வாரம் நாலு பக்கம் அனுப்பினேன்.

புரட்டாசியில் போகிறவர்கள் சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள், கரூவில் எங்கே திரும்பினாலும் ஆட்டுக்கறிதான். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.