நெய்யா, தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா: எடைக்கு ஒரு கணக்கு, கல்லீரலுக்கு வேறொரு கணக்கு

சிங்கப்பூர்த் தேக்காவில் மளிகை வாங்கப் போனால் எண்ணெய் அடுக்கின் முன்னால்தான் நிறையப் பேர் தயங்கி நிற்கிறார்கள். செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காயெண்ணெய், நெய் டின், கனோலா, ஐந்து லிட்டர் கலப்பு எண்ணெய் என்று வரிசையாக இருக்கும். "எது எடை போடாது?" என்று பார்த்து எடுப்பவர்கள் உண்டு. "எது கொலஸ்ட்ராலுக்கு நல்லது?" என்று பார்த்து எடுப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கேள்விதான் என்று நினைக்கும்போதுதான் தவறான போத்தல் வீட்டுக்கு வந்துசேர்கிறது. எடையைத் தீர்மானிப்பது கரண்டி. அந்தக் கொழுப்பு உடம்பில் எங்கே போய்த் தங்கும், இரத்தத்தில் என்ன செய்யும் என்பதைத் தீர்மானிப்பது எண்ணெயின் வகை.

கரண்டிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். எந்தச் சமையல் எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 14 கிராம் எண்ணெய், 120 கலோரி சொச்சம். செக்கில் ஆட்டியது, ஆலையில் சுத்திகரித்தது, விலை மும்மடங்கு என்பதெல்லாம் இதை மாற்றாது. ஆலிவ் எண்ணெய்ப் போத்தலில் 'லைட்' என்று போட்டிருந்தால் மணமும் நிறமும் குறைவு என்று பொருள், கலோரி அதேதான். சாப்பிட்டதைச் செரித்துச் சேமிக்க உடம்பு செலவழிக்கும் சக்தியிலும் கொழுப்பு கடைசி. புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு அந்த வேலைக்கே போய்விடும். மாவுச்சத்தில் 5 முதல் 10. கொழுப்பில் 3 விழுக்காட்டைத் தாண்டாது.

வீட்டில் எவ்வளவு எண்ணெய் போகிறது என்று அறிய எளிய வழி, போத்தலைத் திறக்கும் நாளில் மார்க்கரால் தேதி எழுதிவைப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 42 மில்லி, அதாவது 340 கலோரி அளவு. தலைக்கு நான்கு தேக்கரண்டி, 20 மில்லி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2.4 லிட்டர் போதும்; கலோரி 165 அளவில் நிற்கும். இடைவெளி தினமும் மூன்று இட்லிக்குச் சமம். ஆனால் இட்லி கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் தெரியாது. உங்கள் தாளிப்புக் கரண்டியில் எத்தனை தேக்கரண்டித் தண்ணீர் பிடிக்கிறது என்று ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

இனி வகைக்கு வருவோம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஒப்பீட்டின் நடுத்தூண். இயல்பான எடையுள்ள 39 இளையர்களுக்கு ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாக மஃபின் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு, நிறைவுற்ற கொழுப்பு (குளிரில் சீக்கிரம் உறையும் வகை) நிறைந்த பாமாயிலில் செய்தது; மறு பாதிக்கு, நிறைவுறாக் கொழுப்பு நிறைந்த சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு குழுவுக்கும் ஏறிய எடை ஒன்றுதான், ஏறக்குறைய 1.6 கிலோ. தராசை மட்டும் பார்த்தால் எண்ணெயில் வித்தியாசமே இல்லை. ஸ்கேன் வேறு கதை சொன்னது. பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. சூரியகாந்திக் குழுவுக்குத் தசைப்பகுதி அதிகம் கூடியிருந்தது.

பின்லாந்தில் 2018இல் வந்த ஆய்வும் அதே திசைதான். அதிக எடையுள்ள 38 பேர் மூன்று வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கூடுதல் நிறைவுற்ற கொழுப்பாக வந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 விழுக்காடு ஏறியது. சர்க்கரையாக வந்தவர்களுக்கு 33, நிறைவுறாக் கொழுப்பாக வந்தவர்களுக்கு 15. நிறைவுற்ற கொழுப்புக் குழு சாப்பிட்டதில் வெண்ணெய், பாலாடைக்கட்டியோடு தினம் 30 கிராம் தேங்காயெண்ணெயும் இருந்தது.

நமக்கு இது ஏன் முக்கியம்? ஒல்லியாகத் தெரிந்தும் வயிறு முன்னால் வருவது இந்திய உடல்வாகில் சாதாரணம். அதனால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 27.5இல் அபாயம் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். எடை மாறாமலே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் வகை நமக்கு மிகக் கெட்ட வகை.

தேங்காயெண்ணெயும் 'எம்சிடி'யும்

"தேங்காயெண்ணெய் கொழுப்பை எரிக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். எட்டு, பத்துக் கார்பன் நீளமுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிகிறது, இது உண்மை. அந்தக் கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து விற்பதுதான் எம்சிடி எண்ணெய். மற்ற எண்ணெய்க்குப் பதிலாக அதைக் கொடுத்துப் பார்த்த 13 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில் எடை சராசரியாக அரை கிலோதான் கூடுதலாகக் குறைந்தது.

தேங்காயெண்ணெயிலோ அந்த எட்டும் பத்தும் சேர்த்து 13 விழுக்காடு அளவுதான். பாதிக்கு நெருக்கமாக இருப்பது பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகச் சுற்றித்தான் போகிறது. எடை ஆய்வுகளில் கொடுத்த 18 கிராம் எம்சிடி தேங்காயெண்ணெயிலிருந்து வேண்டுமென்றால் பத்து மேசைக்கரண்டி குடிக்க வேண்டும். அதுவே 1,200 கலோரி.

இதில் சிங்கப்பூரின் சொந்தச் சான்றே இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நல்லெண்ணெய், சூரியகாந்தி போன்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் சொச்சம் கூட்டியது. பலதுறை மருந்தக இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் அளவில் சொன்னால் லிட்டருக்கு 0.27 மில்லிமோல். 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் ஏறியது. உடல் கொழுப்பிலும் சர்க்கரை அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. ஆகவே அவியலுக்கும் மீன்குழம்புத் தாளிப்புக்கும் ஒரு தேக்கரண்டி, மணத்துக்காக. எடை குறைக்க என்று காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிப்பதை நிறுத்துங்கள்.

தேங்காய்ப்பாலையும் இதே கணக்கில்தான் எழுத வேண்டும். கெட்டிப்பால் பொட்டலத்தில் பெரும்பாலும் 100 மில்லிக்கு 20 கிராம் அளவில் கொழுப்பு. குருமாவில் 100 மில்லி ஊற்றினால் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றியதாக அர்த்தம். மேலே மிதக்கும் எண்ணெய் வதக்கியபோது விட்டது மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது.

நெய்

நெய்யில் 60 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் 8 கிராம் சொச்சம். நாளுக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறவருக்கு, சக்தியில் பத்தில் ஒரு பங்கு என்ற உச்சவரம்புப்படி நிறைவுற்ற கொழுப்பு மொத்தமே 20 கிராம்தான். நெய்யில் பியூட்ரிக் அமிலம் இருக்கிறது, குடலுக்கு நல்லது என்பார்கள். இருப்பது 3, 4 விழுக்காடு. கீரை, பயறு, சிறுதானியத்தின் நார்ச்சத்தைக் கொண்டு குடல் பாக்டீரியா அதைவிடப் பன்மடங்கு தயாரித்துவிடும்.

ஆனால் நெய்க்கு ஒரு நியாயம் உண்டு: சிறிது விட்டாலே மணம் வீடு முழுக்க நிறையும். அதனால் நெய்யில் வதக்காதீர்கள். வேறு எண்ணெயில் சமைத்து, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய். பொங்கலுக்கு மிளகு, சீரகம், முந்திரியை மட்டும் நெய்யில் பொரித்துக் கொட்டினால் நாலு பேர் பொங்கலுக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம்.

பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) இருப்பவர்கள் கேட்பார்கள்: நெய்யும் வெண்ணெயும் சாப்பிட்டுத்தானே எடை குறைகிறது? குறைகிறது, மாவும் சர்க்கரையும் போய்ப் பசி அடங்கி மொத்தக் கலோரி குறைவதால். முதல் வாரத்தில் இறங்கும் கிலோக்களில் பெரும்பங்கு தண்ணீர்; சேமிப்பு மாவுச்சத்து கரையும்போது அதோடு கட்டுண்ட நீரும் வெளியேறும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் ஓராண்டு இருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. பேலியோ ஒத்துவந்தால் தொடருங்கள். வெண்ணெயின் இடத்தில் மீன், நிலக்கடலை, பாதாம், நல்லெண்ணெய் வரட்டும்.

பாமாயில்: வீட்டைவிட வெளியில்தான்

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றது. கலப்பு எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் அடித்தளம். சந்தேகம் இருந்தால் சின்னக் கண்ணாடி டம்ளரில் சிறிது ஊற்றிக் குளிர்பதனப்பெட்டியில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். சூரியகாந்தியும் கனோலாவும் தெளிவாக நிற்கும், பாமாயில் கலந்தது கலங்கிக் கட்டியாகும். கடலை எண்ணெயும் ஆலிவும்கூட கலங்கும் என்பதால் இது கலப்பு எண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும் சோதனை.

பாமாயிலுக்குச் சேர வேண்டிய பெயரையும் கொடுத்துவிட வேண்டும். கொதி சூட்டில் சீக்கிரம் கெடாது, விலை குறைவு. உணவங்காடிகளில் அது நிலைத்ததற்கு இரண்டுமே காரணம். கெட்டியாக்குவதற்காகப் பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் 2021 ஜூன் 1 முதல் தடை செய்தது. அதில் உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு அதோடு பெருமளவு ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் மார்ஜரினுக்கும் வெஜிடபிள் நெய்க்கும் கெட்டித்தன்மை எங்கிருந்தாவது வர வேண்டுமே. அது இப்போது பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருகிறது. 'டிரான்ஸ் கொழுப்பு 0' என்ற எழுத்தைப் பார்த்ததும் அடுத்த வரியில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 2027 நடுப்பகுதியிலிருந்து பானங்களைப் போலவே சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் தர எழுத்து வரவிருக்கிறது.

நல்லெண்ணெய், கடலை, சூரியகாந்தி, கனோலா

இந்த நான்கிலும் நிறைவுற்ற பங்கு 7 முதல் 20 விழுக்காட்டுக்குள். தினச் சமையலுக்கு இவற்றில் எதை எடுத்தாலும் தவறில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான் எங்கள் பரிந்துரை: நம் சமையலுக்கு மணம் பொருந்தும், மணம் இருப்பதால் கை தானாகக் குறையும். கனோலாவில் நிறைவுற்றது மிகக் குறைவு, ஓரளவு ஒமேகா-3யும் உண்டு. மணமில்லாததால் சீனச் சமையலுக்கும் கேக்குக்கும் ஏற்றது. சூரியகாந்தியின் லினோலிக் அமிலம் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் என்று பரவும் செய்தியை மனித ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அதன் குறை வேறு: நீண்ட நேரம் கொதித்தால் சீக்கிரம் சிதையும். வதக்கலாம்; வடைச் சட்டியில் வேண்டாம்.

பொரிக்கக் கடலை எண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய், 170 முதல் 180 பாகை செல்சியஸ். சூடு குறைந்தால் மேல்தோல் இறுகாமல் வடை எண்ணெயைக் குடிக்கும். அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது: எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போவது சட்டியில் இருக்கும்போது அல்ல, எடுத்த பிறகு. ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆகவே அரிகரண்டியில் தட்டி வடித்து, எடுத்த அந்த நிமிடமே காகிதத்தில் ஒற்றி, கம்பித் தட்டில் நிறுத்திவையுங்கள். தட்டில் குவித்துவைத்து ஐந்து நிமிடம் கழித்து ஒற்றினால் பயனில்லை. எவ்வளவு குடித்தது என்று அறிய, பொரிக்கும் முன்னும் பின்னும் எண்ணெயை எடை போடுங்கள்: 500 கிராமில் 410 மிஞ்சி, வடை இருபது என்றால் ஒன்றுக்கு 4.5 கிராம்.

குழம்பில் 'எண்ணெய் பிரியும் வரை வதக்கு' என்ற பக்குவம் எண்ணெய் நிறைய விட்டால்தான் தெரியும். இரண்டு தேக்கரண்டியில் வதக்கும்போது அதற்காகக் காத்திருந்தால் மசாலா அடிப்பிடிக்கும். இரண்டிரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே வதக்குங்கள். பச்சை வாசனை போய், மசாலா சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வந்தால் அதுதான் பக்குவம்.

எண்ணெயை மாற்றியவர்கள் மறுவாரமே தராசில் ஏறி ஏமாற வேண்டாம். அளவைக் குறைக்காமல் வகையை மட்டும் மாற்றினால் எடை அசையாது. இரண்டு மாதம் கழித்து எல்டிஎல்லைப் பரிசோதியுங்கள், இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் காலையில் அளந்து எழுதிவையுங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள், எண்ணெய் மாற்றியதை நம்பி மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.