வித்தவுட்டில் பிராக்: ஒரு ரிட்டயர்டு டி.டி.ஆர். எழுதும் மதிப்புரை

பிராக் நகரத்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டிராம், மெட்ரோ, பஸ் எல்லாமே இலவசம். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போட்டோவும் பிறந்த தேதியும் உள்ள பாஸ்போர்ட் பையில் இருந்தால் போதும். திருச்சி கோட்டத்தில் காலம் பூராவும் வித்தவுட் ஆசாமிகளைப் பிடித்து ரசீது எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் ஓர் ஐரோப்பியத் தலைநகரம் முழுக்கச் சட்டப்படி டிக்கெட் இல்லாமல் சுற்றினேன். அதற்காகவே ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுவேன் என்று மகள் கிண்டல் செய்தாள். கொடுக்கப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

என் மனைவிக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஆகவே அவளுக்கு 72 மணி நேரச் சீட்டு வாங்கினோம். விலை 350 கொருனாவை ஒட்டி. ஒரு கொருனா நாலு ரூபாய் சொச்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் அது ஏற்றிச்செல்லும் வண்டிகளையும் பற்றித்தான் இந்த மதிப்புரை. பிராகுக்குக் குறுகிய பயணம் திட்டமிடுகிறவர்கள் எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் டிராம் வரைபடத்தை எடுத்து மேசையில் விரியுங்கள். மீதி எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மகள் வியன்னாவில் இருக்கிறாள். ஆஸ்திரியா கொடுத்த ஷெங்கன் விசாவே செக் நாட்டுக்கும் செல்லும் என்பதால் தனியாக எதற்கும் அலையவில்லை. ரயிலில் நாலு மணி நேரம். இறங்கும் மெயின் ஸ்டேஷனில் பாதிப் பேர் நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி மெட்ரோவுக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். மேலே யோசெப் ஃபான்டா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய முகப்பு மண்டபம் இருக்கிறது. 1909-இல் முடிந்த வேலை, குவிமாடமும் சிலைகளுமாக. முதலாவது பிளாட்பாரத்தில் நிக்கலஸ் விண்டனின் சிலை நிற்கிறது, கையில் ஒரு குழந்தையோடு. 1939-இல் நாஜிகளிடமிருந்து 669 குழந்தைகளை இந்த ஸ்டேஷனிலிருந்து ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர். பிளாட்பாரத்தில் தலைவர்களின் சிலை பார்த்திருக்கிறேன். ரயிலேற்றிவிட்டவருக்குச் சிலை பார்த்தது இங்கேதான்.

சரி, சீட்டுக்கு வருவோம். மெட்ரோ ஸ்டேஷனில் மெஷினில் வாங்கலாம். டிராமுக்குள்ளேயே நடுக்கதவுப் பக்கம் கார்டைக் காட்டி வாங்கும் மெஷின் இருக்கிறது. செல்போன் ஆப்பிலும் கிடைக்கும். காகிதச் சீட்டாக வாங்கினால் ஒரு காரியம் கட்டாயம்: மஞ்சள் பெட்டியில் சொருகி நேர முத்திரை குத்த வேண்டும். குத்திய நிமிடத்திலிருந்துதான் 72 மணி நேரம் ஓட ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குத்தினால் திங்கள் மதியம் இரண்டு மணி வரை. அதனால் வந்து இறங்கியதும் பரபரவென்று குத்திவிடாமல், முதல் வண்டி ஏறும்போது குத்துங்கள். ஒரு தடவை குத்தினால் போதும். மறுபடி குத்தினால் நேரம் குழம்பிவிடும்.

எங்குமே தடுப்பு கிடையாது. மெட்ரோவில்கூட நம் ஊர் போல டோக்கனைக் காட்டித் திறக்கும் கேட் இல்லை. நேராக எஸ்கலேட்டரில் இறங்கிப் போகலாம். முதல் நாள் எனக்கு இது நெஞ்சை அடைத்தது. யாரும் கேட்கவில்லை என்றால் யார் வாங்குவான்? பதில் முஸ்டெக் ஸ்டேஷனில் கிடைத்தது. எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் சாதாரண ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் உள்ளங்கையைத் திறந்து பேட்ஜைக் காட்டினார். மனைவி சீட்டைக் கொடுத்தாள். அவர் முத்திரையைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். பழைய முத்திரை மேல் ஏதாவது வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்கும் சாய்வு. என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிறந்த வருடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையசைத்துத் திருப்பித் தந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன் குத்தாத சீட்டை வைத்துக்கொண்டு, இப்போதுதான் வாங்கினேன், குத்தத்தான் போனேன் என்று வாதாடிக்கொண்டிருந்தான். பாஷை ஆங்கிலம், வசனம் நம் விழுப்புரம் ஜங்ஷன் வசனம். அபராதம் எழுதித்தான் விட்டார்கள். சத்தம் போடவில்லை, தோளைத் தொடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. இந்த விஷயத்தில் முழு மதிப்பெண்.

அடுத்து கோட்டை. பிராக் கோட்டை மேட்டில் இருக்கிறது. புத்தகங்கள் எல்லாம் சார்லஸ் பாலத்தைக் கடந்து மேலே ஏறச் சொல்கின்றன. மூட்டு வலிக்காரர்கள் கேட்காதீர்கள். 22-ஆம் எண் டிராம் மேட்டுக்கே கொண்டுபோய் விடும். அதைவிட 23 நல்லது. அதே பாதைதான், ஆனால் ஓடுவது டட்ரா டி-3 என்ற பழைய வண்டி. சிவப்பும் கிரீமும் வர்ணம், உருண்டை முகம். 1960-களிலிருந்து பிராகின் ஸ்மிகோவ் பகுதித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 14,000 வண்டிகள் செய்து சோவியத் நாடுகள் பூராவும் அனுப்பினார்கள். டிராம் உலகின் அம்பாசடர் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மோட்டார் கீழ்ஸ்தாயியில் முனகி மெல்ல மேலேறும் சத்தத்துக்காகவே நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, அதே சீட்டுத்தான். 22-இல் ஏறினால் மட்டும் பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். சுற்றுலாக்காரர் கூட்டம் எங்கேயோ, ஜேப்படியும் அங்கேதான்.

கோட்டை என்று பெயர் போட்ட நிறுத்தத்தில் இறங்காமல், இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி போஹோர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து ஸ்ட்ராஹோவ் மடம், லொரெட்டா தேவாலயம், கோட்டை முன் சதுக்கம் எல்லாம் வரிசையாக இறக்கத்தில் வரும். கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. பாதுகாப்புச் சோதனை மட்டும் இருக்கலாம். உள்ளே கட்டடங்களைப் பார்க்கத்தான் சீட்டு, அது இரண்டு நாள் செல்லும். புனித வீட்டஸ் பேராலயத்தை 1344-இல் ஆரம்பித்து 1929-இல் முடித்தார்கள். அகலப்பாதைத் திட்டங்களோடு சர்வீஸைக் கழித்த எனக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. உள்ளே போனதும் இடப்பக்கம் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடி ஜன்னலைத் தேடுங்கள். அடியில் ஒரு பாங்கின் பெயர் இருக்கும். செலவை ஏற்றுக்கொண்டவர்கள். நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற வழக்கத்தைக் குறை சொல்பவர்கள் பார்க்க வேண்டிய இடம். ஞாயிறு காலையில் பூசை நடக்கும், பார்வையாளர்களை விடமாட்டார்கள். மதியம் போங்கள். கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொற்சந்து என்ற குறுகிய தெருவில், 22-ஆம் எண் சின்ன வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17-இல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் எட்டிப் பார்த்தேன், கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன். கிழக்கு வாசல் வழியாகப் படியிறங்கினால் மலோஸ்ட்ரன்ஸ்கா மெட்ரோ. ஏறியது டிராம், இறங்கியது கால்.

சார்லஸ் பாலத்தில் இப்போது நடைதான். 1357-இல் நாலாம் சார்லஸ் கல் நாட்டியது, 516 மீட்டர் நீளம், இருபுறமுமாகச் சேர்த்து 30 சிலைகள், இதெல்லாம் எல்லா வழிகாட்டியும் சொல்வார். அந்தப் பாலத்தின் மேல் டிராம் ஓடியிருக்கிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? 1883-இல் குதிரை டிராம். 1905-இல் மின்சார டிராம். பாலத்தின் மேலே கம்பி இழுத்தால் சிலைகளோடு சேர்ந்து அசிங்கமாக இருக்கும் என்று, ஃப்ரான்டிஷெக் க்ரிஷிக் என்ற பொறியாளர் கரண்டைத் தரையில் பதித்த தொடுமுனைகள் வழியாகக் கொடுத்தார். 1908-இல் நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்கு நல்லது, எனக்கு ஏமாற்றம். காலை ஆறு, ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குமேல் அது பாலம் இல்லை, வைகுண்ட ஏகாதசி கியூ.

பழைய நகரச் சதுக்கத்துக்குள் டிராம் வராது. பச்சை மெட்ரோவில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா இறங்கி நடக்க வேண்டும். 1410-இல் செய்த வானியல் கடிகாரம் மணிக்கொரு தடவை பொம்மை காட்டுகிறது. எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், முடிந்தது. அதற்காக அரை மணி கழுத்தை நீட்டி நிற்பது வீண் என்பது என் கட்சி. மனைவி இரண்டு தடவை நின்று பார்த்தாள். நான் அந்த நேரத்தில் நகர மன்றத்தின் கிழக்குப்புறத் தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1621 ஜூன் 21 அன்று, கிளர்ச்சி செய்த 27 பேரை அங்கே வைத்துத் தண்டித்தார்கள். மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க நினைப்பவர்களுக்கு: 17-ஆம் எண் டிராமில் ஏறி ஸ்டாரோமியெஸ்ட்ஸ்காவிலிருந்து தெற்கே வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். வல்தாவா நதிக்கு அக்கரையில் கோட்டை முழுதாகத் தெரியும், பிறகு இடப்பக்கம் திரும்பினால் தேசிய நாடக அரங்கு, அப்புறம் அதே பக்கம் 1996-இல் கட்டிய ஆடும் வீடு என்ற கட்டடம். விடோனில் இறங்கி மேலே ஏறினால் விஷெஹ்ராட் கோட்டை. அதன் கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ஸ்மெடனாவும் ட்வோர்ஷாக்கும் இருக்கிறார்கள். கூட்டம் இல்லை. இந்தப் பாதைக்கு ஒரு தமிழ்க் காரணமும் உண்டு. ஏறுகிற நிறுத்தத்தின் எதிரில் யான் பாலாக் சதுக்கம். 1969-இல் சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தீக்குளித்த மாணவனின் பெயர். அங்கே நிற்பது 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான், இதே ஊரில் 1927-இல் பிறந்த கமில் சுவெலபில். சங்க இலக்கியத்தையும் சித்தர்களையும் ஐரோப்பாவுக்குச் சொன்னவர். வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

மெட்ரோ பிரமாதம். பச்சை லைன் ஸ்டேஷன்களின் சுவரில் குமிழும் குழியுமான அலுமினியத் தகடுகள், ஸ்டேஷனுக்கு ஒரு நிறம். நாமியெஸ்டி மீரு ஸ்டேஷன் தரைக்கு 53 மீட்டர் கீழே. எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். வேகமும் நம் ஊரைவிட அதிகம். காலை வைக்கும்போது கைப்பிடியை முதலில் பிடியுங்கள்.

பணம் மாற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு குஜராத்திக் குடும்பம், சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கமிஷன் 0% என்ற போர்டை நம்பி யூரோவை மாற்றி, மகா மோசமான விகிதத்தில் கொருனாவோடு வந்து நின்றார்கள். 2019 முதல் செக் சட்டப்படி, 1000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதோடு திரும்பப் போகச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்களாம், ஆனால் கொடுத்தார்கள். ஏ.டி.எம்.மில் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். தெருவில் பணம் மாற்ற வருபவரிடம் பேச்சே வேண்டாம்.

சாப்பாடு என் துறை இல்லை. சைவர்களுக்கு வறுத்த சீஸும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். இரண்டாவது வேளை சலிக்கும். கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக்கு பில்லில் காசு உண்டு.

இப்போது குறைகள். நான் புகழ்ந்த டி-3 வண்டிக்குச் செங்குத்தான படிகள். மனைவிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. நிறுத்தத்தில் உள்ள அட்டவணையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட வண்டிகளுக்குத்தான் தாழ்தளம். சில மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் இல்லை. கோடையில் பழைய வண்டிகளுக்குள் புழுக்கம். கதவு மூடும் மணி அடித்த பிறகு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஓடிவருகிற பாட்டிக்காகக் கொடி காட்டாமல் நிற்கிற கார்டுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்துக்கு நாலு.

இரவு மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். அதன் பிறகு 91 முதல் 99 வரை எண்ணுள்ள இரவு டிராம்கள், எல்லாம் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். அங்கே வந்துவிட்டால் ஊரின் எந்த மூலைக்கும் வண்டி மாறிக்கொள்ளலாம். விடுதியை அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டால் அந்த மாற்றமும் மிச்சம்.