முதலில் எதைச் செய்வது? சிஐஎஸ் கன்ட்ரோல்ஸ் பட்டியலை வைத்து வேலை பார்த்த அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஐடி பொறுப்பு என்னுடையது. பாதுகாப்பு விஷயத்தில் யோசனை சொல்ல இந்த வேலையில் ஆள் பஞ்சமே கிடையாது. ஃபயர்வால் விற்கிறவர் ஃபயர்வாலை முதலில் மாற்றச் சொல்வார். ஆன்டிவைரஸ் டீலர் லைசென்ஸைப் பெரிதாக்கச் சொல்வார். பையர் அனுப்பும் ஆடிட்டர் பாலிசி டாக்குமென்ட் கேட்பார். எல்லாமே தேவைதான். ஆனால் பட்ஜெட் ஒன்று, டீம் சின்னது. எங்கள் எம்.டி. ஒருநாள் கேட்டார்: “ஏனுங்க, மொத்தமா எவ்வளவு ஆகும்னு நான் கேக்கலைங்க. முதல்ல எதைச் செய்யணும், எதைத் தள்ளிப் போடலாம்? அதைச் சொல்லுங்க போதும்.”

அதற்குப் பதில் சொல்லக் கையில் எடுத்ததுதான் சிஐஎஸ் கன்ட்ரோல்ஸ். 2021 மே மாதம் எட்டாம் பதிப்பு வந்ததிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்கிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே எங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை, எதை நான் இடம் மாற்றினேன் என்று எழுதினால், இதே நாற்காலியில் இருப்பவர்களுக்கு உதவும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சென்டர் ஃபார் இன்டர்நெட் செக்யூரிட்டி என்ற அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்பு வெளியிடும் பாதுகாப்பு வேலைப் பட்டியல் இது. பெயர், மெயில் முகவரி கொடுத்தால் எக்செல் வடிவில் இலவசமாகவே கிடைக்கும். 18 தலைப்புகள், அவற்றுக்குள் 153 வேலைகள். இந்த 153-ஐயும் மூன்று படிகளாக அடுக்கியிருக்கிறார்கள். ஐஜி 1 என்ற முதல் படியில் 56 வேலைகள். ஐஜி 2-க்குப் போனால் 130. ஐஜி 3-ல் மொத்தமும். சின்ன டீம் வைத்திருக்கும் நிறுவனம் அந்த 56-ல் தொடங்கினால் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001-ஐ ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். 2022 பதிப்பில் அதன் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எது முதலில் என்பதை அது சொல்லாது. நீங்களே ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்து கண்டுபிடிக்க வேண்டும். சான்றிதழ் கேட்கும் பையர் இருந்தால் அதற்குப் போகத்தான் வேண்டும். அமெரிக்க அரசு அமைப்பு ஒன்றின் என்ஐஎஸ்டி சிஎஸ்எஃப் மேல்மட்டத்தில் பேசுவதற்கு நல்ல சட்டகம். திங்கட்கிழமை காலையில் டீமுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்கு சிஐஎஸ்தான் நேரடியாகப் பதில் சொல்கிறது.

முதல் தலைப்பே, உங்களிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்ற கணக்கு. இதைச் சாதாரணமாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். என் அனுபவத்தில் இதற்குக் கொடுத்த நேரம்தான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியது. பர்ச்சேஸ் பில்லில் உள்ள கணக்கு வேறு, ரௌட்டரில் தெரியும் கணக்கு வேறு, நடந்துபோய்ப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு வேறு. நிட்டிங் ஒரு இடம், கட்டிங், தையல் ஒரு இடம், எம்பிராய்டரி இன்னொரு இடம் என்று யூனிட்டுகள் பிரிந்து கிடக்கும் ஊர் இது. ஒவ்வொன்றிலும் சிசிடிவி ரெக்கார்டர், விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷின், பார்கோடு பிரின்டர், லைனில் ஓடும் டேப்லெட். கட்டிங் மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் 7-லேயே நிற்கும். மாற்றினால் மெஷின் சாஃப்ட்வேர் ஓடாது. மொபைலில் கேமரா பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சிசிடிவி போட்டவர் ரௌட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிட்ட போர்ட் ஒன்று, அந்த யூனிட்டுக்கு நடந்துபோனபோதுதான் கண்ணில் பட்டது. எந்த ரிப்போர்ட்டும் அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பட்டியல் கேட்கும் தகவல்கள் வழக்கமானவைதான்: கருவியின் பெயர், எந்தத் துறை, யார் பொறுப்பு, நெட்வொர்க் முகவரி. நான் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்தேன். ‘இது நின்றால் எது நிற்கும்?’ என்பது அதன் தலைப்பு. இதை நிரப்ப ஐடி டீமால் முடியாது. புரொடக்‌ஷன் மேனேஜர், பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர், ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் டாக்குமென்டேஷன், அக்கவுன்ட்ஸ் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டபோது வரிசையே தலைகீழானது. ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் ஈஆர்பி சர்வர்தான் உச்சியில் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது ஒருநாள் நின்றால் பேப்பரில் எழுதிச் சமாளிப்போம் என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். டாக்குமென்டேஷன் மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகியிருப்பது அதில்தான். வங்கி போர்ட்டல் லாகின், ஷிப்பிங் ஏஜென்ட்டோடு நடக்கும் மெயில் போக்குவரத்து எல்லாம் அதிலேயே. ஷிப்மென்ட் வாரத்தில் அது முடங்கினால் கன்டெய்னர் கிளம்பாது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் விழும். வாங்கிய விலையைப் பார்த்தால் ஆபீஸிலேயே மலிவான கருவி அது. இந்த ஒரு நெடுவரிசையைக் காட்டியதும் எம்.டி. அதற்குப் புது கம்ப்யூட்டரும், அதில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது என்ற உத்தரவும் கொடுத்தார்.

சாஃப்ட்வேர் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போடுவதில் ஐஜி 1 சொல்வது எளிது: ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அப்ளிகேஷன்களுக்கும் மாதம் ஒருமுறையாவது தானாக அப்டேட் ஆக வேண்டும். இது போதுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வெளியிட்டுவிட்டது. தாக்குதல் பரவியது மே 12-இல். ஏப்ரல் மாத அப்டேட்டை ஒழுங்காகப் போட்டிருந்த இடங்களில் அது அந்த ஓட்டை வழியாக நுழைந்திருக்க முடியாது.

ஆனால் மாதச் சுற்றுக்குக் காத்திருக்க முடியாத ஓட்டைகளும் உண்டு. அவற்றைப் பிரிக்க அமெரிக்க அரசின் சிசா அமைப்பு 2021 நவம்பரில் தொடங்கிய கேஇவி பட்டியலைப் பார்க்கிறேன். நிஜத்தில் தாக்குதலுக்குப் பயன்பட்டதாக ஆதாரம் உள்ள ஓட்டைகள் மட்டும் அதில் ஏறும். உலகம் முழுக்க ஓர் ஆண்டில் பதிவாகும் ஓட்டைகள் பல்லாயிரம்; கேஇவியில் இத்தனை ஆண்டுகளில் சேர்ந்தவை சில ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. நம்மிடம் உள்ள பொருள் அதில் வந்தால் அந்த வாரமே வேலை, மற்றவை மாதச் சுற்றில். ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று தரும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஓடியிருந்தால் எங்கள் டீமுக்கு வேறு வேலையே நடந்திருக்காது. பேட்ச் போடவே முடியாத கட்டிங் மெஷின் கம்ப்யூட்டர்களைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, இன்டர்நெட்டை வெட்டி, துணி வெட்டும் வரைபடமான மார்க்கர் ஃபைல் போக ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டிருக்கிறோம். நெட்வொர்க்கைப் பிரிப்பதை ஐஜி 1 கேட்பதில்லை. ஃபேக்டரி வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு ஐஜி 1-லேயே இருக்கிறது. வெளியிலிருந்து திறக்கும் அப்ளிகேஷன், ரிமோட் இணைப்பு, அட்மின் கணக்கு என மூன்றுக்கும். 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் வந்தது, இந்தச் சரிபார்ப்பு இல்லாத வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வர உதவும் ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான். 45 நாள் பயன்படாத கணக்கை முடக்கச் சொல்லும் விதியும் அருமையானது. மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கம்பெனி மாறும் ஊரில் நான் அந்த 45 நாளுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கடைசி நாள் செட்டில்மென்ட் ஸ்லிப்பில் ஐடி கையெழுத்து இல்லாமல் ஹெச்ஆர் பணம் விடுவிக்காது. அதோடு, அவர் மெயில் வெளி முகவரிக்கு ஃபார்வர்டு ஆகிறதா என்று பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைக் கணக்கு உள்ள காஸ்டிங் ஷீட் வெளியே போகும் வழி அதுதான்.

இனி நான் பட்டியலோடு உடன்படாத இடங்கள்.

மெயில் மோசடி முதலாவது. ஏற்றுமதிக்காரர்களின் பணம் பறிபோவது பெரும்பாலும் இந்த வழியில்தான். பையருக்கும் நமக்கும் நடக்கும் மெயிலை எங்கோ ஒருவன் படித்துக்கொண்டிருப்பான். இன்வாய்ஸ் போகும் நேரம் பார்த்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று நம் பெயரில் ஒரு மெயில் போகும். பையர் அனுப்பிவிடுவார். சரக்கும் போய், பணமும் போய், உறவும் கெடும். இந்த வகை மோசடியில் 2023-இல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் இழப்பு எஃப்பிஐயிடம் புகாராகப் பதிவானது. நம் டொமைன் பெயரில் பிறர் மெயில் அனுப்புவதைத் தடுக்கும் டிமார்க் ஏற்பாட்டை சிஐஎஸ் ஐஜி 2-ல் வைத்திருக்கிறது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு இது முதல் மாதத்து வேலை என்பேன். முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் ரிப்போர்ட்டுகளைப் படியுங்கள். சம்பள ஸ்லிப் அனுப்பும் சேவை, ஈஆர்பியிலிருந்து தானாகப் போகும் மெயில் என்று நம் பெயரில் நியாயமாக அனுப்புகிறவர்களே சிலர் இருப்பார்கள். அவர்களைச் சரிசெய்த பிறகு, நிராகரிக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

டிமார்க் மட்டும் போதாது. ஓர் எழுத்து மாற்றிப் பதிவுசெய்த போலி டொமைனை அது தடுக்காது. உண்மையான மெயில் பெட்டிக்குள்ளேயே ஒருவன் புகுந்திருந்தாலும் தடுக்காது. அதனால் எங்கள் புரொஃபார்மா இன்வாய்ஸ் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி அச்சாகிறது: எங்கள் வங்கிக் கணக்கை மெயில் வழியாக மாற்ற மாட்டோம், அப்படி மெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள ஃபோன் எண்ணில் அழைத்துக் கேளுங்கள். நாங்கள் பணம் கட்டும் நூல், டையிங் பார்ட்டிகளுக்கும் அக்கவுன்ட்ஸ் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது. ஒரு பைசா செலவில்லை. நான் செய்தவற்றில் இதற்கு இணையாக வேறெதையும் சொல்ல மாட்டேன்.

பேக்கப் இரண்டாவது. தானாக எடுப்பது, அதைப் பாதுகாப்பது, நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த ஒரு பிரதி வைப்பது எல்லாம் ஐஜி 1-ல் இருக்கின்றன. எடுத்ததைத் திருப்பிப் போட்டுச் சோதிப்பது மட்டும் ஐஜி 2. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். திரும்ப வருகிறதா என்று பார்க்காத பேக்கப்பை எந்த நம்பிக்கையில் வைத்துக்கொள்வது? நாங்கள் காலாண்டுக்கு ஒருமுறை பழைய சர்வர் ஒன்றில் ஈஆர்பியை ஏற்றி, ஒரு மெர்ச்சண்டைசரை உட்காரவைத்து, போன வாரத்து ஆர்டரைத் திறக்கச் சொல்வோம். டேட்டாபேஸ் நன்றாக வந்தது. “டெக் பேக் எங்கண்ணா?” என்று கேட்டார் அந்தத் தம்பி. அளவு, துணி, தையல் விவரங்கள் உள்ள டெக் பேக்கும் பிரின்ட் ஆர்ட்வொர்க்கும் அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தன. அவை இல்லாமல் ஆர்டர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பீஸ்கூடத் தைக்க முடியாது. அன்றைக்கே பொது ஃபோல்டரும் அதற்கான பேக்கப்பும் வேலைப் பட்டியலில் ஏறின. பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜூன் மாத நாட்பெட்யா தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் யார் எதில் நுழையலாம் என்று சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றைத் தவிர எல்லாம் அழிந்தன. மின்வெட்டால் அணைந்திருந்த கானா அலுவலகத்துச் சர்வர் ஒன்று தப்பியதால்தான் அவர்களால் மீள முடிந்தது.

மூன்றாவது, நம் நாட்டுச் சட்டம். யார் எப்போது என்ன செய்தார் என்று சிஸ்டம் பதியும் லாகுகளை 90 நாள் வைக்கச் சொல்கிறது சிஐஎஸ், அதுவும் ஐஜி 2-ல். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவு 180 நாள் கேட்கிறது. பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவும் சொல்கிறது. யார் எழுதுவது, எந்த முகவரிக்கு அனுப்புவது, எம்.டி. வெளிநாட்டில் இருந்தால் யார் ஒப்புதல் கொடுப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். ஆறு மணி நேரம் மிகவும் குறைவு.

வேண்டாம் என்று சொல்லவும் பட்டியல் உதவுகிறது. ஹேக்கர் போலத் தாக்கிப் பார்த்துச் சோதிக்கும் பெனட்ரேஷன் டெஸ்ட் தலைப்பில் ஐஜி 1-ல் ஒரு வேலைகூடக் கிடையாது. அதைச் செய்தே ஆகவேண்டும் என்று வருகிற விற்பனையாளரிடம், எங்கள் அடிப்படை வேலைகள் இன்னும் மீதமிருக்கின்றன, முடிந்தபின் கூப்பிடுகிறோம் என்று பட்டியலைக் காட்டியே சொல்ல முடிந்தது. பையர் கேட்டால் மட்டும் விதிவிலக்கு.

குறைகளும் உண்டு. எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகும், எத்தனை ஆள் வேண்டும் என்ற குறிப்பு இல்லை. பதிப்பு மாறும்போது எண்களும் மாறுகின்றன, 7.1-இல் 20 தலைப்பு 171 வேலையாக இருந்தது எட்டில் 18, 153 ஆனபோது, பழைய எண்களை வைத்து ஷீட் போட்டிருந்தவர்கள் முதலிலிருந்து அடுக்க வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 8.1-க்கு மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. வங்கி, நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளே முன்னால் நிற்கும் என்பதால் அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சொந்த ஐடி டீம் வைத்திருக்கும் ஃபேக்டரி, மருத்துவமனை, கல்லூரி எல்லோரும் தயங்காமல் எடுக்கலாம்.

இப்போது எங்கள் கையில் இருப்பது 15-ஆவது தலைப்பு, வெளியார் பட்டியல். ஈஆர்பி சப்போர்ட், ஷிப்பிங் ஏஜென்ட், சம்பளக் கணக்கு, ஜாப் ஒர்க் யூனிட்டுகள் என்று ஒவ்வொருவரும் எங்கள் சிஸ்டத்தில் எதைத் தொடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கூடவே, 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் நின்ற விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் எதை முதலில் மாற்றுவது, எதை இன்டர்நெட் இல்லாமல் ஓட்டுவது என்பதையும் ‘இது நின்றால் எது நிற்கும்’ நெடுவரிசையைப் பார்த்தே முடிவுசெய்கிறோம். அக்கவுன்ட்ஸ் முடிந்தது, அடுத்தது பேக்கிங் செக்‌ஷன்.