நோட்டோ செரிஃப் தமிழ்: எழுத்துரு நன்று, நிறுவும் முறையில் கவனம் வேண்டும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவில் அலுவலகத்தில் இருப்பது ஒரே கணினி. செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, மாலைத் தமிழ் வகுப்புக்கு ஒன்று என அதில் மூன்று பயனர் கணக்குகள் உள்ளன. தைப்பூசக் காவடி அழைப்பிதழுக்காக நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதில் நிறுவினேன்.

எழுத்துருவில் குறை காண இடமில்லை. மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 தடிமன்கள் உண்டு. 'ஸ்ரீ' சிதையாமல் வருகிறது. திறந்த உரிமம் என்பதால் விலையின்றி அச்சுக்கும் பயன்படுத்தலாம்.

தவறியது என் கைதான். கோப்பை இருமுறை சொடுக்கி, வந்த பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் பொருளாளர் ஐயா தம் கணக்கில் அழைப்பிதழைத் திறந்தபோது எழுத்தே வேறாக இருந்தது; வரிகள் இடம்பெயர்ந்து, அன்னதான நேரம் மட்டும் தனியே இரண்டாம் தாளில் போய் நின்றது. "யார் இதை மாற்றியது?" என்று கேட்டார். எவரும் மாற்றவில்லை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், அப்படி நிறுவும் எழுத்துரு, நிறுவியவரின் கணக்குக்கே உரிய ஆப்டேட்டா (AppData) கோப்புறைக்குள் மட்டுமே சேர்கிறது. பிறர் கணக்கில் அது இல்லாததால், மென்பொருள் வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பிவிடுகிறது.

நாம் மாற்றாவிட்டால் தானே அமையும் இந்த இயல்பிருப்பு முழுவதும் தவறென்று சொல்ல மாட்டேன். நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாத ஆசிரியரும் தமக்கு வேண்டிய எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ள அதுவே வழிவிட்டது; வி.எஸ். கோட் போன்ற, நிரல் எழுத உதவும் தொகுப்பி, கடவுச்சொல் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் பயனர் அளவில் நிறுவுவதால்தான். ஆனால் தொகுப்பி ஒருவரின் கருவி. எழுத்துருவோ ஆவணத்தோடு ஆள் மாறிப் பயணம் செய்வது. பலர் பகிரும் கணினியில் எழுத்துரு எல்லோருக்குமாக நிறுவப்படுவதே முறை, அதை மெனுவுக்குள் தேடவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வழி எளிதுதான். கோப்பின் மேல் வலச்சொடுக்கினால் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவு வரும். எங்கள் பிரெஞ்சு விண்டோஸில் அது 'அன்ஸ்தலே பூர் தூ லே ஜுதிலிசாத்தேர்' என்றிருக்கிறது. விண்டோஸ் 11இல் முதலில் கூடுதல் தெரிவுகளைத் திறக்க வேண்டியிருக்கலாம். நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. எங்களிடம் அது செயலாளரிடம் மட்டுமே இருப்பதால் அவர் வரும்வரை காத்திருந்தேன். இப்போது பொருளாளர் கணக்கில் திறந்தாலும் அன்னதான நேரம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.