நெடுந்தீவா, ஆதார வைத்தியசாலையா? நியமனப் படிவம் நிரப்பப் போகிறவர்களுக்கு

உள்ளகப் பயிற்சியின் இரண்டாவது ஆறு மாதம் முடியப்போகும் நேரத்தில் யாழ்ப்பாணத்து இளம் டொக்டர்மார் எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: நியமனப் படிவத்தில் எதை மேலே போடுவது? போதனா வைத்தியசாலையை விட்டுவிடுவோம். அங்கே வெற்றிடம் வந்தால் தகுதிப் பட்டியலில் முன்னுக்கு நிற்கிறவை எடுத்துவிடுவினம். மிச்சப் பேருக்குக் கையில் இருப்பது இரண்டு. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி மாதிரி நிபுணர்கள் இருக்கும் ஓர் ஆதார வைத்தியசாலை, அல்லது தீவுப் பக்கத்துச் சின்னப் பிரதேச வைத்தியசாலை. நான் நெடுந்தீவைப் போட்டுப் போனேன். பிறகு ஆதார வைத்தியசாலை ஒன்றுக்கு மாறி வந்தேன். ஆகவே நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை. என் வாக்குத் தீவுக்குத்தான்.

தீவு நியமனத்தை எங்கள் ஆட்கள் பகிடியாகப் 'பட்டாளத்துக்குப் போறது' என்பார்கள். இலங்கையில் கட்டாய இராணுவ சேவை கிடையாது. ஆனால் சிங்கப்பூரில் வளர்ந்த என் சித்தப்பாவின் மகனுக்கு அது பகிடியில்லை. அங்கே 1967 முதல் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம், முழுநேரமாக இரண்டு வருடம். மருத்துவம் படித்தவர்கள் அதில் ஒரு பகுதியைப் படை மருத்துவ அதிகாரியாக முடிக்கிறார்கள். அவன் சொல்வதைக் கேட்டால் முகாமில் டொக்டரின் அன்றாடப் பெரிய வேலை, காலையில் வரிசையில் வந்து நிற்கும் பெடியளில் யாருக்கு உண்மையாகவே ஏலாது, யார் ஓட்டப் பயிற்சிக்குக் கள்ளம் அடிக்கிறான் என்று பிரிப்பதுதான். வெயிலில் ஓடி மயங்கி விழுகிறவனை உடனே குளிர்விக்கத் தெரிய வேண்டும். அது முடிந்தால் பெரிய ஆஸ்பத்திரி கார் ஓடும் தூரத்தில் இருக்கிறது. "உனக்கு யூனிஃபோர்ம் இல்லை, ஆனா நீதானடா உண்மையா மாட்டுப்பட்டிருக்கிறாய்" என்று ஒருமுறை போனில் சிரித்தான்.

சம்பளம், தங்குமிடம், தூரம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆதார வைத்தியசாலையில் இருந்தால் பின்னேரம் தனியார் கிளினிக் பார்க்கலாம், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், கோயில் திருவிழாவுக்கு நிற்கலாம். தீவில் கிளினிக் காசு பெரிதாக இல்லை. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாண்டிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காசுதான் கணக்கென்றால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, ஆதார வைத்தியசாலையைப் போடுங்கோ.

எனக்கு விஷயம் வேறு. நோயாளியை எப்போது அனுப்புவது என்ற முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையான வித்தியாசம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆதார வைத்தியசாலையில் மருத்துவ நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார்கள். இரத்த வங்கி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தாலும் ஒன்கோலில் இருப்பவரை எழுப்பலாம், ஏச்சு விழுந்தாலும் விடை கிடைக்கும். பிழைக்க வேண்டியவர் பிழைப்பார். ஆனால் முடிவு எடுத்தது நீங்கள் அல்ல. கவனமாகக் குறிப்பெழுதி, சொன்னதைச் சரியாகச் செய்து முடிக்கிறீர்கள். உள்ளகப் பயிற்சியில் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

பிரதேச வைத்தியசாலையில் நிபுணரும் இல்லை, சத்திரசிகிச்சைக் கூடமும் இல்லை. தீவென்றால் அதோடு கடலும் சேர்கிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கும் வைகாசியிலிருந்து புரட்டாதி மட்டும் பின்னேரக் கடல் ஒரு மாதிரி, வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் இன்னொரு மாதிரி. போன புதிதில் ஒரு வயதான படகோட்டி சொன்னார்: "டொக்டர் தம்பி, அனுப்புறதெண்டா இப்பவே அனுப்புங்கோ. மத்தியானம் திரும்பினாப் பிறகு நான் ஓமெண்டு சொன்னாலும் கடல் ஓமெண்டு சொல்லாது." அவசரத்துக்குக் கடற்படைப் படகு வரும், அது பெரிய உதவி. என்றாலும் அதற்கும் காற்று ஒன்றுதானே.

டெங்கை எடுங்கள். வடக்கில் மாரி மழையோடுதான் அது ஏறும். மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஒரு பிள்ளையைக் கொண்டு வருகிறார்கள். மத்தியானம் காய்ச்சல் இறங்குகிறது, பிள்ளை விளையாடுகிறது, தாய்க்கு நிம்மதி. படித்தவனுக்குத்தான் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும் அந்த நேரத்தை ஒட்டித்தான் தொடங்கும். ஆதார வைத்தியசாலை என்றால் வார்டில் படுக்கவைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தின் செறிவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். தீவில் காத்திருப்பதென்றால் இரவைக் காத்திருப்பது. ஆகவே ஓடித் திரிகிற பிள்ளையைப் படகில் ஏற்று என்று தாயிடம் சொல்ல வேண்டும். "நல்லாத்தானே இருக்கிறான், ஏன் டொக்டர் அலைக்கழிக்கிறியள்?" என்பார். அவருக்கு விளங்கப்படுத்தும் பத்து நிமிடம் எந்த வார்ட் ரவுண்டிலும் கிடைக்காத பாடம்.

பாம்புக்கடி இதைவிடச் சிக்கல். இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் ஆடாமல் வைத்துச் சரித்துப் பார்ப்போம். உறையாவிட்டால் விஷம் ஏறிவிட்டது. எந்தச் சின்ன இடத்திலும் செய்யக்கூடிய சோதனை. அதற்குப் பிறகுதான் தலையிடி. விஷமுறி மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்புவதா, அனுப்பிவிட்டு அங்கே கொடுக்கச் சொல்வதா? அது தூளாக வரும். குலுக்கினால் நுரைக்கும், மெல்லக் கரைக்க வேண்டும். ஏற்றத் தொடங்கிய பிறகு ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் விழுந்தால் அட்ரினலின் உடனே வேண்டும். ஆடுகிற படகில் அது வந்தால் யார் பார்ப்பது? கொடுக்காமல் அனுப்பினால் விஷத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுக்கொடுத்த மாதிரி. நான் இருந்த காலத்தில், கடல் விட்டாலும் விடாவிட்டாலும், முதலில் இங்கேயே கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து, ஆள் நிதானத்துக்கு வந்த பிறகே அனுப்பினேன். கரையில் இருக்கும் நிபுணரைப் போனில் கேட்டுத்தான் செய்தேன். ஆனால் ஆளைக் கண்ணால் பார்த்தது நான் மட்டும். போனில் அவர் கேட்கும் முதல் கேள்வியே "நீர் என்ன நினைக்கிறீர்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிப் பழகினதைத்தான் தீவு எனக்குக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

நெஞ்சுநோவில் இவ்வளவு உறுதியாகக் கதைக்க மாட்டேன். ஈசீஜியைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பி வழி கேட்கலாம் என்பதால் அங்கே முடிவு பாதிதான் எங்களுடையது. கர்ப்பிணிகள் விஷயத்தில் குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது ஊர் மருத்துவமாதுகள், என்னைவிடக் கெட்டிக்காரிகள். நாள் நெருங்க முதலே கரையில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

தீவின் உண்மையான குறை தனிமை இல்லை, 'கவர்'. நீங்கள் லீவில் போக வேண்டுமென்றால் பதிலுக்கு ஒரு டொக்டர் வந்து இறங்க வேண்டும். வருகிறேன் என்றவர் வராவிட்டால் தங்கச்சியின் கலியாண வீட்டை வீடியோவில்தான் பார்ப்பீர்கள். பார்த்தேன். ஆதார வைத்தியசாலையில் இந்தக் கரைச்சல் குறைவு, டியூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் இருக்கும். படிவம் நிரப்ப முதல் அந்த இடத்தில் இப்போது எத்தனை டொக்டர்மார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு பேர் இருந்தால் யோசிக்காமல் போகலாம். ஒருவர்தான் என்றால், வீட்டில் வருத்தக்காரப் பெற்றோர் இருந்தால் வேண்டாம்.

பெண் டொக்டர்மாருக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே இருந்துவிட்டு வந்த ஒரு அக்காவிடம் கேட்பதுதான் முறை. பட்டமேற்படிப்புப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கும் என் பேச்சு உதவாது. தீவில் இரவு நேரம் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் சந்தேகம் கேட்கவும் கூடிப் படிக்கவும் ஆள் கரையில்தான். நான் அந்தப் பரீட்சைக்கு இன்னும் இருக்கவே இல்லை.